மானிப்பாய்த் தமிழ் மருத்துவ நூல்களும் அவற்றின் மேற்கோள் வரலாறும்

1. பிரச்சினை

விஞ்ஞானி ஒருவரின் பணியை மதிப்பிடுவதற்கு இக்காலப் பல்கலைக்கழகங்கள் கையாளும் முறை இரண்டு பட்டியல்களை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று, அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல். மற்றது, அக்கட்டுரைகளைப் பிறர் எத்தனை தடவை மேற்கோள் காட்டியுள்ளனர் என்னும் கணக்கு. எரிபொருள்கள் எரியும் முறையை ஆராயும் தகனவியல் அறிஞர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். 1957 ஆம் ஆண்டு முதல் வெளிவரும் 'கொம்பஸ்சன் அன்ட் பிளேம்' போன்ற ஆங்கிலச் சஞ்சிகைகளில் அவர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை அத்துறையினர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்பவற்றைக் கொண்டே அவரது பதவியும் புகழும் தீர்மானிக்கப்படுகின்றன. 1964 இல் யூஜின் கார்பீல்ட் அமெரிக்காவில் வெளியிட்ட 'விஞ்ஞான மேற்கோட் சுட்டி' இக்கணக்கினை ஒரு தொழிலாகவே ஆக்கியது. அதன் முதல் வெளியீடு 1961 ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகளை உள்ளடக்கியிருந்தது. 2005 இல் ஹோர்கே ஹேர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் பட்டியல் இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கும் அளவுகோலொன்றை முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் பெற்றிருப்பின் அவரது சுட்டெண் பத்து என்றவாறு அது அமையும்.

இம்முறையின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆனால், மேற்கோள் என்பது யாது என்னும் வினாவை இம்முறை எழுப்புவதில்லை. ஒரு நூல் மேற்கோள் காட்டப்படுவதற்கு அதன் தரம் மட்டும் போதுமா? அதனை வாசிப்பதற்கும், கற்பிப்பதற்கும், அதன் மேல் அடுத்த நூலை எழுதுவதற்கும் ஒரு சமூகம் தேவைப்படுகின்றதே. அச்சமூகத்தை உருவாக்குவனவும் அழிப்பனவும் யாவை? இவ்வினாக்களை ஆராய்வதற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில், மானிப்பாயில், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் உருவாகிய ஒரு நூற்பட்டியல் சிறந்த களமாக அமைகின்றது. மருத்துவ கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பாரும் அவருடைய தமிழ் மாணவரும் ஆக்கிய மருத்துவ, விஞ்ஞான நூல்களின் பட்டியலே அது.

2. நூற்பட்டியல்

கிறீன் 1822 ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845 இற் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்டு, மருத்துவமனையோடு மருத்துவ வகுப்பையும் நடத்தலானார். கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870 இலேயே தோன்றியது என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். 1850களின் இறுதியில் தாயகஞ் சென்ற கிறீன், 1862 இல் மீண்டு வந்து 1873 வரை மானிப்பாயிற் பணிபுரிந்தார். 1884 மே மாதத்தில் வூஸ்டரிற் காலமானார். அவரிடத்து மருத்துவம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவராவர்.

அவர் பெயரால் வழங்கும் நூல்களைக் கால வரிசையில் நோக்குவோம். கல்வின் கட்டரின் பாடநூலைத் தழுவிய 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்பது முதலாவது. 1857 ஆம் ஆண்டுப் பதிப்பே பெரிதும் அறியப்பட்டது. உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் என்னும் மூன்றும் அதன் பொருள். மோன்செலின் நூலைத் தழுவிய 'பிரசவ வைத்தியம்' அதே 1857 இல் வெளிவந்தது. டுருயிட்டின் சத்திரசிகிச்சை நூல் 'இரணவைத்தியம்' என்னும் பெயரில் 1867 இல் வந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' எனவும், ஹூப்பரின் மருத்துவக் கைந்நூல் 'வைத்தியாகரம்' எனவும் 1872 இல் வெளிவந்தன. வெல்ஸின் இரசாயன நூல் 1875 இல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. டோல்டனின் உடற்றொழில் நூல் 1883 இல் 'மனுஷ சுகரணம்' என வந்தது. வேரிங் தொகுத்த இந்திய மருந்துப்பொருள் நூல் 'இந்து பதார்த்த சாரம்' என்னும் பெயருடன் 1884 ஆம் ஆண்டளவில் வெளிவந்து பட்டியலை நிறைவு செய்தது. இவற்றோடு கலைச்சொற் றொகுதிகளும் உள. யாவும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டன.

இப்பட்டியலில் நம் கவனத்தை முதலில் ஈர்ப்பது கால இடைவெளியாகும். கிறேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858 இல். பதினான்கு ஆண்டுகளில் அது தமிழில் அச்சேறிவிட்டது. வெல்ஸின் இரசாயன நூலும் 1858 இல் வெளிவந்ததே. பதினேழு ஆண்டுகளில் அது தமிழாயிற்று. கப்பலில் நூல் வந்து, கையெழுத்துப் பிரதி எழுதி, ஒவ்வோர் எழுத்தாகக் கோத்து அச்சிட்ட காலத்தில் இவ்வேகம் சாதாரணமானதன்று. அன்றைய மேனாட்டு மருத்துவ மாணவன் பயின்ற அதே நூல்களை மானிப்பாய் மாணவன் ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள்ளேயே தன் தாய்மொழியிற் பயில முடிந்தது.

அடுத்ததாக நோக்கற்பாலது, ஆசிரியர் யார் என்னும் வினா. 'கிறீனின் நூல்கள்' என்று நாம் வழக்கமாகக் கூறுகின்றோம். ஆயின் மொழிபெயர்ப்பின் பெரும் பகுதியைச் செய்தவர்கள் அவருடைய தமிழ் மாணவர்களே. டான்போர்த், சாப்மன் முதலிய பெயர்களைக் கண்டு அவர்களை அமெரிக்கர் என மயங்குதல் கூடாது. மிசன் பாடசாலைகளிற் பயின்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு, அவர்களது படிப்புச் செலவை ஏற்ற அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களைச் சூட்டுவது அக்கால வழக்கம். கிறீன் பதிப்பாசிரியராகவும், சொல்லாக்கத்தின் நடுவராகவும் நின்றார். 1873 இல் அமெரிக்கா மீண்ட பின்னரும் யாழ்ப்பாணத்து மாணவரின் கையெழுத்துப் பிரதிகளை அங்கிருந்தபடியே திருத்தி வந்தார். எனவே இப்பட்டியல் ஒரு தனிமனிதனின் சாதனைப் பட்டியலாகத் தோன்றினும், உண்மையில் ஒரு கூட்டு உழைப்பின் விளைவாகும். கொடையாளனின் பெயரால் மறைக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளனின் பெயர், பதிப்பாசிரியரின் பெயரால் மீண்டும் ஒருமுறை மறைக்கப்பட்டது எனலாம்.

3. பட்டியலின் சமூக அடிப்படை

1931 இல் இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் அறிஞர் போரிஸ் ஹெசன், நியூட்டனின் தலையாய நூலின் சமூக, பொருளாதார வேர்களை ஆராய்ந்து கட்டுரை படித்தார். 1939 இல் ஜே. டி. பெர்னால் விஞ்ஞானத்தின் சமூகப் பணி பற்றி நூல் எழுதினார். விஞ்ஞான நூல் எதுவும் வெறுமையிற் றோன்றுவதில்லை என்பதே அவ்விருவரின் பொதுக் கருத்து. மானிப்பாய் நூல்களுக்கும் இது பொருந்தும்.

1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிகள் மருத்துவத்தை மதமாற்றத்துக்கு ஒரு துணைக்கருவியாகவே கண்டனர். கிறீனும் தம்மை முதலிற் சுவிசேஷகராகவே கருதினார். இதனை மறைத்துவிட்டு அவரை ஒரு தமிழ்த் தொண்டராக மட்டும் காட்டுவது வரலாறாகாது. அதேவேளை, மிசனரி என்ற ஒரே காரணத்துக்காக அவரது நூல்களைப் புறந்தள்ளுவதும் வரலாறாகாது. மிசனுக்குள்ளேயே நிலவிய ஒரு முரண்பாட்டிலிருந்தே இந்நூல்கள் பிறந்தன.

1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவப்பட்ட செமினரி ஆங்கிலத்தில் உயர்கல்வி அளித்தது. ஆங்கிலங் கற்ற மாணவர், மிசன் எதிர்பார்த்தவாறு கிராமங்களுக்குப் போதகராகச் செல்லவில்லை. குடியேற்ற அரசின் கந்தோர்களிலும் தமிழகத்திலும் உத்தியோகம் தேடிச் சென்றனர். சுயமொழிக்கே முதன்மை வேண்டும் என்னும் புதிய கொள்கையை அமெரிக்கத் தலைமை வலியுறுத்த, 1855 இற் செமினரி மூடப்பட்டது. கிறீனின் முதல் வகுப்புகள் ஆங்கிலத்திலேயே நடந்தன. அவரிடம் ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றோரும் அரச சேவையையே நாடினர். 1862 இல் மீண்டு வந்த பின் அவர் போதனா மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழிற் பயின்ற மருத்துவன் ஊரை விட்டுப் போகான், ஊராரின் கூலிக்கும் தகுதிக்கும் ஏற்பத் தொழில் செய்வான் என்பது அவர் கணிப்பு. மாணவர் மேனாட்டு உடையை மேற்கொள்வதையும் அவர் விரும்பினாரல்லர்; கிறித்தவராகலாம், தம் இனத்தன்மையை இழத்தலாகாது என்பது அவர் நிலைப்பாடு.

ஆகவே 1867 முதல் 1884 வரை வந்த பெருநூல்கள் வெறும் மொழிப்பற்றின் விளைவுகளல்ல. தமிழில் நடந்த ஒரு வகுப்பறைக்கு வேண்டிய பாடநூல்கள் அவை. வகுப்பு நூலை வேண்டிற்று. நூல் வகுப்பை நிலைநிறுத்திற்று. அச்சியந்திரமும் அண்மையிலேயே இருந்தது. 1830களில் மானிப்பாயில் அமைந்த அமெரிக்க மிசன் அச்சகம், 1841 இற் றொடங்கிய 'உதயதாரகை'ப் பத்திரிகையையும் 1842 இல் வந்த, ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதியையும் வெளியிட்டுப் பழகியது. அகராதி, பத்திரிகை, அச்சுத்தொழிலாளர், மிசன் பாடசாலைகளில் எழுத்தறிவு பெற்ற இளைஞர் ஆகிய யாவும் ஒரே சூழலிற் கூடியிருந்தன. கிறீனின் உழைப்பு இவ்வடிப்படையின் மீதே நின்றது.

4. தலைப்புகள் கூறுவன

கலைச்சொல்லாக்கத்திற் கிறீன் பின்பற்றிய நெறி தெளிவானது. தமிழிற் பொருத்தமான சொல் உண்டா என முதலிற் பார்த்தல். இல்லையேல் வடமொழியை நாடுதல். அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப எழுதுதல். இம்மூன்று படிகளையும் நூற்பெயர்களிலேயே காணலாம்.

'அங்காதிபாதம்' என்னும் பெயரைக் கேட்கும் இலக்கிய மாணவனுக்குக் கேசாதிபாதம் நினைவுக்கு வரும். தலைவனையோ தெய்வத்தையோ முடி முதல் அடி வரை உறுப்புறுப்பாக வருணிக்கும் சிற்றிலக்கிய மரபு அது. உடலை உறுப்புறுப்பாக வருணிக்கும் புதிய விஞ்ஞானத்துக்கு, அம்மரபின் சாயலில் ஒரு பெயர் வாய்த்தது சிந்தனைக்குரியது. 'வைத்தியாகரம்' என்பது மருத்துவத்தின் சுரங்கம் எனப் பொருள்படும். 'இந்து பதார்த்த சாரம்' என்பதும், பதார்த்தங்களின் குணங் கூறும் நம் பழைய மருத்துவ நூல்களின் பெயர்களை ஒத்தது. புதிய விஞ்ஞானம் பழைய வாசகனுக்கு அறிமுகமான உடையில் வந்தது எனலாம்.

'கெமிஸ்தம்' இம்மரபிலிருந்து விலகி நிற்கின்றது. ஆங்கிலச் சொல்லின் பகுதியோடு தமிழ் விகுதியைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. இரசவாதம் என்னும் வழக்குச் சொல் தமிழில் இருந்தது; ஆயின் அது ஈயத்தைப் பொன்னாக்கும் வித்தையைக் குறித்தது. பழைய சொல்லை எடுத்தாண்டிருப்பின் பழைய பொருளும் உடன் வந்திருக்கும். அதனைத் தவிர்க்கவே மூன்றாம் படி இங்குக் கையாளப்பட்டது எனக் கொள்வது பொருத்தமாகும். இக்கருத்து ஏற்புடையதாயின், தமிழில் விஞ்ஞானச் சொல்லாக்கம் பற்றிப் பின்னர் எழுந்த விவாதங்கள் யாவற்றுக்கும் முன்னோடியான ஒரு தீர்மானம் 1875 ஆம் ஆண்டளவிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

5. எரிதலும் உயிர்த்தலும்

மருத்துவ மாணவனுக்கு இரசாயனம் எதற்கு? இதற்கான விடை தகனத்தின் வரலாற்றில் உள்ளது. எரியும் பொருளிலிருந்து ஒரு சத்து வெளியேறுகின்றது என்றே பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர் நம்பினர். அவ்வாறாயின், உலோகத்தைச் சுட்டு நீறாக்கும்போது அதன் நிறை குறைதல் வேண்டும். உண்மையில் அது கூடுகின்றது. காற்றிலுள்ள ஒரு பகுதி உலோகத்தோடு சேர்வதே இதற்குக் காரணம் என லவோசியே நிறுவினார். அப்பகுதியே நாம் இன்று ஒட்சிசன் என வழங்குவது. 1780களில் அவர் லப்பிளாசுடன் இணைந்து, விலங்கின் உடலில் எழும் வெப்பத்தையும் அது வெளிவிடும் வாயுவையும் அளந்து, சுவாசமும் மெதுவான ஒரு தகனமே என்று காட்டினார். விளக்கின் சுடரும் உடலின் சூடும் ஒரே விதியில் அடங்கின. இதன்பின் உடற்றொழிலைக் கற்பவன் தகனத்தைக் கல்லாதிருக்க முடியாது. 'கெமிஸ்தம்' மருத்துவ நூல்களின் வரிசையில் இடம்பெற்றதன் தருக்கம் இதுவே.

இங்கு ஒரு விடயம் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. யாழ்ப்பாணத்துச் சுதேச வைத்தியன் எரிதலை அறியாதவனல்லன். உலோகத்தை மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடமிட்டுப் பற்பமும் செந்தூரமும் எடுப்பது அவனது அன்றாடத் தொழில். எத்தனை வறட்டி, எவ்வளவு நேரம் என்பதை அவன் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தான். உலோகம் நீறாகும் அதே நிகழ்ச்சியிலிருந்துதான் லவோசியேயின் புதிய இரசாயனம் பிறந்தது. ஐரோப்பாவில் உலைக்களத் தொழிலாளரின் அனுபவமும் ஆய்வுகூடத்தின் தராசும் சந்தித்தபோது விஞ்ஞானம் முன்னேறியது. புடமிடும் கையும் 'கெமிஸ்தம்' வாசிக்கும் கண்ணும் ஒரே தமிழ் மருத்துவனிடத்துக் கூடியிருப்பின், நம் பழைய மருந்துகளை அளந்தும் சோதித்தும் ஏற்பன ஏற்று, நஞ்சாவன நீக்கும் ஓர் ஆய்வு மரபு இங்கேயே வேரூன்றியிருக்கக் கூடும். அதற்கு வேண்டிய நூல் 1875 இல் இருந்தது. அம்மரபு தோன்றுவதற்கு நூலின் இருப்பு மட்டும் போதவில்லை.

6. மேற்கோள் ஏன் நின்றது?

ஒரு நூல் மேற்கோள் காட்டப்படாமைக்கு இரு வேறு காரணங்கள் இருக்கலாம். அதன் கருத்துப் பொதுவுடைமையாகி, மூலத்தைக் குறிப்பிட வேண்டிய அவசியமே அற்றுப் போவது ஒன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் றொபேர்ட் மேர்ட்டன் இதனைக் கலந்துவிட்டதால் மறைதல் என விளக்கினார். எரிதல் பற்றிப் பேசும் எவரும் இன்று லவோசியேயின் நூலை அடிக்குறிப்பிற் காட்டுவதில்லை. மற்றது, வழித்தொடர்பே அறுந்துபோவது. மானிப்பாய் நூல்களுக்கு நேர்ந்தது எது?

நூற்பெயர்களையே சான்றாகக் கொள்வோம். அங்காதிபாதம் இன்று உடற்கூற்றியல், சுகரணம் உடற்றொழிலியல், உற்பாலனம் சுகாதாரம், இரணவைத்தியம் சத்திரசிகிச்சை, பிரசவ வைத்தியம் மகப்பேற்றியல், கெமிஸ்தம் இரசாயனவியல், தமிழகத்தில் வேதியியல். ஒரு பெயரேனும் துறைப்பெயராக நிலைக்கவில்லை. கலந்து மறைந்திருந்தால் சொற்கள் எஞ்சியிருக்கும். ஆகவே இங்கு நிகழ்ந்தது அறுந்துபோதலே. 1916 இற் சேலத்தில் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் விஞ்ஞானச் சொல்லாக்கத்துக்கெனச் சங்கம் கண்டபோதும், சுதந்திரத்தின் பின் இலங்கை அரச கரும மொழித் திணைக்களம் பாடசாலைகளுக்கெனக் கலைச்சொற் றொகுதிகள் வெளியிட்டபோதும், வேலை ஏறத்தாழத் தொடக்கத்திலிருந்தே நிகழ்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தானே முதற் றலைமுறை என எண்ணித் தொடங்கியது.

இதற்கான காரணம் மொழியின் இயல்பிலன்று, நிறுவனங்களின் வரலாற்றிலேயே உள்ளது. 1870 இற் கொழும்பில் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரச மருத்துவ சேவைக்கு அதுவே வாயிலாயிற்று. 1905 ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டம், மேனாட்டு மருத்துவத் தொழிலுக்குரிய தகுதியைச் சட்டத்தால் வரையறுத்தது. மறுபுறத்தில், யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கமும் ஆங்கிலத்தையே வேண்டிற்று. மிசன் கைவிட்ட ஆங்கில உயர்கல்வியை மீட்க வேண்டுமென்று ஊரவர் கோரியதன் பயனாகவே 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. 'மனுஷ அங்காதிபாதம்' அச்சேறியதும் அதே 1872 இல் என்பது ஒரு தற்செயலான ஒற்றுமையெனினும், வரலாற்றின் போக்கை அது நன்கு புலப்படுத்துகின்றது. தமிழில் உயர் விஞ்ஞானம் தன் உச்சத்தை எட்டிய அதே ஆண்டில், அதை வாசிக்க வேண்டிய வர்க்கம் ஆங்கில வாயிலின் முன் வரிசையில் நின்றது. அவ்வர்க்கத்தை நாம் குறைகூறிப் பயனில்லை. பனையும் புகையிலையும் தவிர வேறு பெரும் விளைவில்லாத வரண்ட குடாநாட்டில், உத்தியோகமே அதன் பிழைப்பு வழியாக அமைந்தது. குடியேற்ற ஆட்சி திறந்து வைத்த ஒரே கதவு அதுவே.

இதனை இரு ஒப்பீடுகளால் மேலும் தெளிவாக்கலாம். கிறீன் பிறந்த அதே 1822 இற் பிறந்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். கிறீன் மானிப்பாய்க்கு வந்த 1848 இலேயே நாவலர் பார்சிவல் பாதிரியாரின் பணியிலிருந்து விலகித் தம் சைவப் பணியைத் தொடங்கினார். இருவரும் கற்பித்தற் பொருட்டு உரைநடை எழுதியவர்கள். இருவரும் அச்சியந்திரத்தின் வலிமையை உணர்ந்தவர்கள். நாவலர் இன்றும் எடுத்தாளப்படுகின்றார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்குத் தனி அதிகாரமே உண்டு. கிறீனோ அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றார். நாவலரின் நடை மேம்பாட்டை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் அவரது பாலபாடங்களைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த சைவப் பாடசாலைகள் தொடர்ந்து இயங்கின. மானிப்பாயின் தமிழ் மருத்துவ வகுப்போ தொடரவில்லை. வாசகரைப் பேணிய நிறுவனம் எதுவோ, அதன் ஆசிரியரே நினைவில் நின்றார்.

மற்ற ஒப்பீடு யப்பானுக்குரியது. 1774 இற் சுகித்தா கென்பாக்கு முதலியோர் ஒல்லாந்த மொழியிலிருந்த ஓர் உடற்கூற்று நூலைப் பெருமுயற்சியுடன் தம் மொழியிற் பெயர்த்தனர். நரம்பைக் குறிக்க அவர்கள் அன்று ஆக்கிய 'சின்கெய்' என்னும் சொல்லையே யப்பானிய மருத்துவர் இன்றும் வழங்குகின்றனர். அவர்களது மொழிபெயர்ப்பாளர் எம்மவரிலும் திறமையுடையோர் என்பதன்று காரணம். 1868 இன் பின் எழுந்த யப்பானிய அரசு தன் பாடசாலைகளையும் பல்கலைக்கழகங்களையும் காலப்போக்கில் தன் மொழியிலேயே நடத்தியது. சொல் நிலைத்தது, சொல்லோடு அதன் வரலாறும் நிலைத்தது.

7. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மேற்கோட் கணக்கு எதனை அளக்கின்றது என்பது ஓரளவு தெளிவாகும். ஓர் ஆய்வாளனின் ஆற்றலை மட்டும் அது அளப்பதில்லை. அவன் எழுதும் மொழியில் கற்பிக்கும் பல்கலைக்கழகங்கள், அவனை வாசிப்பதால் பிழைப்புப் பெறும் மாணவர், அவன் நூலைப் பேணும் நூலகங்கள் ஆகியவற்றின் வலிமையையும் சேர்த்தே அளக்கின்றது. நூலகம் என்பது இங்கு அணியாகச் சொன்ன சொல்லன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. எரிந்த நூலை மேற்கோள் காட்டுவோர் இலர். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சி ஈழத்து நூல்களைத் திரட்டிப் பாதுகாத்து வருவதை, வெறும் ஆவணக்காப்பாக மட்டும் கருதாமல், அறுந்த மேற்கோட் சங்கிலியை முடிய முற்படும் பணியாகவே கொள்ளல் வேண்டும்.

மானிப்பாய் நூல்களின் உடற்கூறும் இரசாயனமும் இன்று காலங் கடந்தவை. அவற்றைக் கொண்டு எவரும் மருத்துவம் பயில இயலாது, பயிலவும் கூடாது. அவற்றிலிருந்து நாம் பெறத்தக்கவை இரண்டு. முதலாவது, சொல்லாக்கத்திற் செய்யப்பட்ட தேர்வுகளின் பதிவு. எச்சொல் ஏற்கப்பட்டது, எது விலக்கப்பட்டது, பதிப்புக்குப் பதிப்பு எது மாறியது என்பவற்றை நிரல்படுத்தி ஆராய்வது மொழியியல் மாணவருக்கும் மருத்துவ மாணவருக்கும் கூட்டாகக் காத்திருக்கும் பணியாகும். இவ்வகையில் 1967 இல் அம்பி அவர்கள் எழுதிய 'மருத்துவத் தமிழ் முன்னோடி' என்னும் நூல் கிறீனை மீண்டும் நம் கவனத்துக்குக் கொணர்ந்தது. அதன்வழி, மொழிபெயர்த்த மாணவர் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே வரையறுக்கும் ஆய்வுகள் எழுதல் வேண்டும்.

இரண்டாவது, ஓர் எச்சரிக்கை. நூல் எழுதினால் மொழி வளரும் என்னும் நம்பிக்கை நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. நாலாயிரம் பக்கங்கள் எழுதப்பட்டன. அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர் உருவாகினர். ஆயினும் வழி தொடரவில்லை. இன்று இலங்கையில் தமிழ் மாணவர் உயர்தர வகுப்பு வரை தகனத்தையும் சுவாசத்தையும் தமிழிற் கற்கின்றனர். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் வாயிலில் அத்தமிழை விட்டுவிட்டு உள்ளே செல்கின்றனர். கிறீனின் மாணவர் எதிர்கொண்ட முரண்பாடு வேறு வடிவில் இன்றும் நம்முன் உள்ளது. அதனைத் தீர்க்கும் ஆற்றல் சொற்றொகுதிகளுக்கு மட்டும் இல்லை. கற்ற மொழியிற் றொழில் செய்து வாழ வழி வகுக்கும் சமூக அமைப்புக்கே உண்டு. அவ்வமைப்பை வேண்டிநிற்போர், மானிப்பாயில் ஒருமுறை நடந்ததையும் அது நின்றுபோன காரணத்தையும் அறிந்து தொடங்குவாராயின், அதுவே அந்நூற்பட்டியலுக்கு இன்று நாம் காட்டத்தக்க மேற்கோளாகும்.